இரண்டு முறை நின்ற தண்ணீர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஈசிங் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று மாத்தளை ஓபிஸிலிருந்து கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவனிடம் பேச்சுக் கேட்டால் அவன் லேசில் நிறுத்தமாட்டான் என்பது உங்களுக்குத் தெரியாததா? கேட்டது நீங்கள், அனுபவியுங்கள்.

எந்த வளைவுக்கு எந்த எண்ணைப் போடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் மென்பொருளே சொல்லிக்கொடுக்கும், என்னைவிட அதற்குப் பொறுமை அதிகம். ஈசிங் என்றால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்டால் மட்டும் இப்படிச் சொல்லுங்கள். திரையில் ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போகும்போது ஒரே வேகத்தில் போய் முட்டி நிற்காமல், விறுவிறுவென்று புறப்பட்டு, போய்ச் சேரும் இடத்தில் மெல்ல மெல்ல வேகம் குறைந்து அமரவேண்டும். அப்படி அமர வைப்பதுதான் நம்முடைய தொழில். என் மனைவியிடம் காலமெல்லாம் இதைத்தான் சொல்லி வந்தேன். "இதுக்கா சம்பளம் தாராங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் கொழும்பில் என் முதல் மேலாளர். பெண். என்னைவிட வயதில் சின்னவர். அந்தக் கடுப்பு எனக்கு உள்ளூர இருந்தது. நான் செய்த மெனு ஒன்று திரையில் மேலிருந்து இறங்கி வந்து டக்கென்று நிற்கும். பார்த்துவிட்டு எழும்பிப் போனார். திரும்பி வந்து, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை என் மேசைமேல் படாரென்று வைத்தார். நான் துள்ளிவிட்டேன். பாதித் தேத்தண்ணி என் சட்டையில்.

"பயந்திட்டீங்களா?" என்றார். "உங்கட மெனுவும் இப்பிடித்தான் வந்து விழுது. கோப்பைய எப்பிடி வைக்கிறதெண்டு தெரியாதவர், மெனு செய்யப் போகாதீங்க."

பிறகு அதே கோப்பையை எடுத்து, மேசையை நெருங்கும்போது கையைத் தளர்த்தி, சத்தமே வராமல் வைத்துக் காட்டினார். அன்று இருவரும் உட்கார்ந்து, வேகம் தளரும் விதத்தைக் கோடாக வரைந்து, ஒரு வளைவு செய்தோம். பின்னால் நான் மாத்தளையில் ஒரு குழுவைச் சேர்த்தபோது அதையே கொண்டுவந்தேன். உங்கள் ஓபிஸில் 'நம்ம வளைவு' என்று ஆளாளுக்குச் சொல்லுகிறீர்களே, அது அதுதான். வங்கிக்கும் அதையே போட்டோம், சாப்பாட்டுக் கடைக்கும் அதையே போட்டோம், குறை சொன்னவர் இல்லை. பார்க்கிறவனைத் திடுக்கிட வைக்காதே என்ற அந்த ஒற்றைப் பாடத்தில் என் வேலைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அதில் பாதி எனக்குத் தெரியாது என்று கண்டேன். 

போன மழைக்காலம். காலையில் என் ராத்தாவின் மகன் ரியாஸ் போன் எடுத்தான். எங்கள் ராத்தா, என்னுடைய ஒரே அக்கா, லக்கல பக்கம் கடை வைத்திருந்த என் மச்சானுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவள். நாலைந்து முஸ்லிம் குடும்பங்களும் தொழுகைக்கு ஒரு சின்னத் தக்கியாவும் உள்ள இடம். அங்கே போக ஒரு ஆற்றைத் தாண்டவேண்டும்.

"மாமா, உம்மாக்குக் கொஞ்சம் சொகமில்ல. ஏலும்னா ஒருக்கா வந்துட்டுப் போங்களேன்" என்றான்.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்கும் தெரியும். எங்களைப் போன்ற சோனகராகட்டும், தமிழராகட்டும், சிங்களவராகட்டும், மரணத்தை யாரும் போனில் நேராகச் சொல்வதில்லை. முதலில் 'கொஞ்சம் சுகமில்லை.' அடுத்த அழைப்பில் 'சீரியஸாக இருக்கிறது, உடனே வந்தால் நல்லது.' கேட்டவன் பஸ்ஸில் ஏறி, இறங்கி, வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வான். கேட்பவனின் நெஞ்சு தாங்கவேண்டும் என்ற அக்கறைதான், வேறொன்றுமில்லை. இரண்டாவது அழைப்பு வந்தால் நமக்கு விஷயம் பிடிபட்டுவிடும். ரியாஸுக்கு அந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு ப்ரெஷர் இருக்கிறது என்று முதல் வார்த்தையோடு நின்றுவிட்டான்.

அவன் 'கொஞ்சம்' என்று சொன்னதால் நானும் கொஞ்சமாகவே அவசரப்பட்டேன். காலை பஸ்ஸை விட்டுவிட்டேன். லக்கல பஸ் என்ன, நினைத்த நேரத்துக்கு வருமா? சந்தைப் பக்கம் போய் ராத்தாவுக்குப் பிடித்த கறுப்புத் திராட்சை வாங்கினேன், நல்ல குலையாகத் தேடி. பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுகையை முடித்து, நிதானமாகப் பகல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடுவில் ரியாஸ் போன் எடுத்து, "பஸ்ஸில ஏறிட்டீங்களா மாமா?" என்று கேட்டான். "என்னடா அவசரம், வாறேன்தானே" என்று சிரித்தேன். சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னால் ஆறமுடியவில்லை.

வழியெல்லாம் மழை. மலையேறும்போது போனில் சிக்னல் போனது. டிரைவர் சிங்களவர், பேச்சுக் குறைவான மனிதர். கொண்டக்டர் மாத்தளைத் தோட்டப் பக்கத்துத் தமிழர், பாதையில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் தெரிந்தவர். மலையிறங்கி, சிக்னலும் திரும்பி, வெகுதூரம் போன பிறகு அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். எங்கள் ஆட்களை அவர்கள் அண்ணன் என்ற மரியாதையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, மனச விடாதீங்க. அடக்கத்துக்கு முந்தி எப்படியும் கொண்டு சேத்துருவோம். ரியாஸ் தம்பி எனக்கு போன் பண்ணி சொன்னாரு."

"யாரட அடக்கம்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார். "அக்கா... உங்க அக்கா காலையில தவறிட்டாங்கல்ல நானா" என்றார். கடைசி எழுத்துகள் அவர் வாய்க்குள்ளேயே போய்விட்டன.

'இன்னா லில்லாஹி' என்று வாய் தானாகச் சொன்னது. மற்றபடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மடியில் திராட்சைப் பை. மவுத்து வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறேன், அதுவும் பொறுக்கிப் பார்த்து வாங்கி. என் தொழில் என்னவென்று ராத்தாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் நான் செய்த எதையாவது போனில் காட்டினால், ஒரு மெனு விரிந்து மூடுவதைப் பார்த்து, "இன்னொருக்கா காட்டு" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்பாள். மூடும்போது ஒரு சிரிப்பு சிரிப்பாள். எனக்குக் கிடைத்த விருது அந்தச் சிரிப்புத்தான். அந்த முகத்தை இனி மூடுவதற்குள் ஒரு தடவை பார்க்கவேண்டும், அதைத் தவிர அப்போது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் மார்க்கத்தில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, நெடுநேரம் வைத்திருக்கமாட்டோம். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று கொண்டக்டர் சொன்னார். நேரம் இருந்தது, ஆனால் மட்டுமட்டாகத்தான்.

அப்போது பஸ் ஆற்றங்கரையில் நின்றது.

அங்கே இருப்பது சப்பாத்துப் பாலம். கைப்பிடி இல்லாமல் ஆற்று மட்டத்தோடு கிடக்கும் தாழ்வான கொங்கிரீட் பாலம், மழை பெய்தால் அதற்கு மேலாலேயே தண்ணீர் ஓடும். இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்த கட்டைகள் நட்டிருக்கும், பாலம் எங்கே முடிகிறது என்று டிரைவருக்குத் தெரிய. நாங்கள் போனபோது தண்ணீர் அந்தக் கட்டைகளின் காலை நனைத்துக்கொண்டு போனது. பஸ் போகக்கூடிய தண்ணீர்தான். ஆனால் அந்த ஆற்றில் கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் கணக்கில்லை. மேலே மலையில் பெய்து இறங்கிவரும் தண்ணீர்தான் கணக்கு.

"நானாவின் அக்காவுடைய மையத்து காத்துக்கொண்டிருக்கிறது" என்று கொண்டக்டர் டிரைவரிடம் சிங்களத்தில் சொன்னார். மரண வீடு என்றால் எங்கள் பகுதியில் யாரும் மறு பேச்சுப் பேசமாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அந்த டிரைவர் பஸ்ஸைத் திருப்பியிருப்பார். எனக்காகத்தான் அவர் இயந்திரத்தை அணைக்காமல், "மேலே எப்படி?" என்று கேட்டார்.

கொண்டக்டர் போனை எடுத்து நீட்டினார். திரையில் ஒரு நீலப் பட்டை. மேலே, ஆபத்து மட்டத்தில், ஒரு சிவப்புக் கோடு. ஆற்றின் மேற்பகுதியில் வைத்திருக்கும் கருவி அனுப்பும் நீர்மட்டத்தைக் காட்டுகிற செயலி. நான் ஓய்வு பெற்ற பிறகு நம் ஓபிஸ் செய்து கொடுத்தது. நான் பார்த்ததில்லை. பட்டை விறுவிறுவென்று ஏறியது, பிறகு நாங்கள் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க, ஏற்றம் தளர்ந்து, தளர்ந்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே மெல்ல அமர்ந்தது.

சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நம்ம வளைவு! கொழும்பில் தேத்தண்ணிச் சட்டையோடு உட்கார்ந்து செய்தது, லக்கல ஆற்றங்கரையில் ஒரு கொண்டக்டர் கையில் ஓடுகிறது.

"பாத்தீங்களா, வேகமா ஏறிச்சு, இப்ப நின்னுருச்சு. மேல மழ விட்டுருச்சு போல" என்றார் கொண்டக்டர். "போவலாம்."

டிரைவர் கியரைப் போட்டார். பஸ் சரிவில் அங்குலம் அங்குலமாக இறங்கத் தொடங்கியது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை மறுபடியும் விறுவிறுவென்று ஏறியது, அதேபோலத் தளர்ந்து, அதேபோல மெல்ல அமரத் தொடங்கியது.

"இந்தா, மறுபடியும் நின்னுருச்சு" என்றார் கொண்டக்டர், சந்தோஷமாக.

அந்த 'மறுபடியும்' எனக்கு இடறியது. நின்ற தண்ணீர் எப்படி மறுபடியும் நிற்கும்? நிற்கவே இல்லை என்றால்தானே மறுபடியும் நிற்க முடியும்? அதுவும் அச்சாக அதே மாதிரி, அதே தளர்வோடு. ஆறு ஒரு தடவை தளர்ந்தது மாதிரி இன்னொரு தடவை தளராது. நம்ம வளைவு மட்டும்தான் அப்படித் தளரும்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். எழும்பிய வேகத்தில் திராட்சை முழுக்கத் தரையில் கொட்டியது. டிரைவர் பிரேக் அடித்தார். முன் சக்கரம் தண்ணீருக்கு ஒரு முழம் இப்பால் நின்றது.

ஓபிஸுக்கு போன் எடுத்தேன். இப்போது உங்களுக்குக் குழுத்தலைவியாக இருக்கும் அந்தப் பிள்ளைதான் எடுத்தாள். உக்குவளைக்காரி, மரியாதைக்காரி.

"சேர்! எப்படி சேர், சொகமா இருக்கீங்களா?"

"சொகத்தப் பொறகு கேளு. அந்த ஆத்துப் பட்டை. ஏறி ஏறி மெதுவாகுதே, அது என்ன?"

"அதுவா சேர்?" என்றாள், நான் பாராட்டப் போகிறேன் என்ற நினைப்பில். "கருவியில இருந்து அளவு கால் மணிக்கு ஒருக்காதான் வரும். நடுவுல பட்டை அசையாம கெடக்குது, செத்துப்போன மாதிரி இருக்குன்னு வேல தந்தவங்க சொன்னாங்க. அதனால நம்ம வளைவையே நல்லா இழுத்து, அடுத்த அளவு வார வரைக்கும் ஓட விட்டோம். இப்ப உயிரோட இருக்குன்னு எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு சேர்."

"அப்ப மெதுவாகுறது தண்ணியால இல்ல?"

"இல்ல சேர். அது நம்ம ஈசிங்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.  "சேர்... யாராவது அதப் பாத்துக்கிட்டு இருக்காங்களா?"

"ஒரு பஸ்ஸே பாத்துக்கிட்டு இருக்குது" என்றேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதுவரை நடந்தது கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பது சுகமான வேலை, யாரும் செய்வார்கள். இனிமேல்தான் தீர்ப்பு.

பட்டை பொய் சொல்லுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உண்மை என்ன என்று எனக்கும் தெரியாது. மழை உண்மையிலேயே விட்டிருக்கலாம். தண்ணீர் இன்னும் கட்டைகளின் காலளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக விட்டால் பஸ் அக்கரையில் ஏறிவிடும், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், நான் ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். 'இப்போதே போய்விடலாம்' என்று எனக்குள் ஒருவன் கெஞ்சினான். அவனும் நான்தான்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "நானா, தண்ணீர் ஏறுகிறதா, நின்றுவிட்டதா? ஒரு சொல் சொல்லு."

"எனக்குத் தெரியாது" என்றேன். "இந்த போனுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கிறது. அப்படி நடிக்க வைக்கிறதுதான் என் தொழில். எனக்காகப் போக வேண்டாம்."

"நானா, அக்கா மொகத்த..." என்று கொண்டக்டர் இழுத்தார்.

"வேணாம். திருப்பச் சொல்லுங்க."

டிரைவர் கியரை மாற்றினார். பிறகு பஸ்ஸைப் பின்னால் எடுத்து மேட்டில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். பின் சீட்டுப் பெண் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.  நான் இறங்கி மழையில் நின்றேன். அழுதால் தெரியாது என்பதற்காகவும்தான்.

அப்போது போன் அடித்தது. ரியாஸ்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"ஆத்துக்கிட்ட. நீ எங்கடா நிக்கிற?"

"நான் மத்தப் பக்கம் மாமா. பைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பஸ் லைட்டு தெரியிது. போன்ல பாத்தேன், தண்ணி நின்டுட்டுது. இந்தா, தாண்டி வந்து ஒங்கள ஏத்திக்கிட்டுப் போறேன். ஜனாஸாவ வெச்சிக்கிட்டு ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு ஈக்கிறோம்."

மழைக்குள் அக்கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. அது சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

 பஸ்ஸை நிறுத்திவிட்டேன், ஆனால் நம்ம பட்டையை ஆற்றின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. காலையில் உம்மாவைப் பறிகொடுத்த பையன். என் வாயில் முதலில் வந்தது நம் ஊர்ப் பழக்கம்தான். 'மகன், கொஞ்சம் பொறுங்க, தண்ணி கொஞ்சம் கூடவா ஈக்கிற மாதிரி ஈக்கிது...' அதை மெல்ல மெல்லச் சொல்லி முடிப்பதற்குள் அவன் பாலத்தின் நடுவுக்கு வந்துவிடுவான்.

"எறங்கினா மவுத்தாப் போயிருவ!" என்று கத்தினேன். "போன் பொய். உம்மாட ஜனாஸாவோட ஒன்ட ஜனாஸாவையும் சேத்துத் தூக்க வெக்காதே! நில்லு!"

விளக்கு சட்டென்று நின்றது. தளராமல், மெல்ல அமராமல், வெட்டினாற்போல நின்றது.

 அந்தப் பையன் பிறந்த நாளிலிருந்து நான் அவனை அதட்டியதில்லை. மவுத்து நாளில் ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? என் பின்னால் கொண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் மேலே இருந்து ஒரு இரைச்சல் கேட்டது. செம்மண் நிறத் தண்ணீர், ஒரு முழு மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிற்று என்று கதைக்காரர்கள் எழுதுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. கட்டைகள் இருந்தன, பிறகு இல்லை. பாலம் இருந்த இடமே தெரியவில்லை.

கொண்டக்டர் போனை நீட்டிக் காட்டினார்.  பட்டை சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே இன்னும் அழகாக அமர்ந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றான் ரியாஸ் போனில். அழுகிறான் என்று தெரிந்தது.

"காலையிலயே ஏன்டா செல்லல்ல?"

"ஒங்களுக்கு ப்ரெஷர் ஈக்கிதே மாமா. எப்படிச் செல்லுற?"

அதற்கு மேல் அவனை என்ன கேட்பது? அவனும் எனக்குக் கோப்பையைச் சத்தமில்லாமல்தான் வைத்திருக்கிறான். "அடக்கிருங்க. எனக்காக வெச்சிருக்க வேணாம்" என்றேன்.

"மொகம் பாக்க வேணாமா மாமா?"

"வேணாம்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பைக்கின் விளக்கு திரும்பி மேடேறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அஸர் நேரம் வந்ததும் பஸ்ஸுக்குப் பக்கத்தில், நனைந்த தரையில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தை நினைத்து ராத்தாவுக்காகக் கையேந்தினேன். டிரைவர் ஒரு குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். திரும்பி வரும் வழியில் காலுக்கடியில் திராட்சை நசுங்கிக்கொண்டே வந்தது.

நான் மாத்தளைக்கு வந்து சேர்வதற்குள் உக்குவளைப் பிள்ளை வேலையை முடித்திருந்தாள். இழுத்துவைத்த வளைவைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். புதிய அளவு வரும்வரை பட்டை கல்லுமாதிரிக் கிடக்கும். வந்ததும் ஒரே தாவாகத் தாவும். கடைசி அளவு எப்போது வந்தது என்று பெரிய எழுத்தில் பக்கத்திலேயே நிற்கும். வேலை தந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கூட்டம் கூட்டினார்கள். என்னையும் வரச் சொன்னாள்.

"முன்ன எவ்வளவு அழகா இருந்திச்சு. இப்ப அது தாவுறப்ப நெஞ்சு திக்குங்குது. ஜனங்க பயந்துருவாங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

"பயப்படட்டும்" என்றேன். "பயப்படத்தானே அது இருக்கிறது?" பிறகு ஆற்றங்கரையில் நடந்ததைச் சொன்னேன். பாதியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தாவும் பட்டை அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

நம்ம வளைவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மெனுவுக்குப் போடுங்கள், பொத்தானுக்குப் போடுங்கள், பாட்டுக் கேட்கும் செயலிக்குத் தாராளமாகப் போடுங்கள். ஒரு மெனு மெல்ல அமர்வதால் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் உலகத்தில் உண்மையாக நடக்கும் ஒன்றைத் திரையில் காட்டும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள். தண்ணீர், காய்ச்சல், மருந்து, வண்டி, எதுவாகவும் இருக்கட்டும். திரையில் ஒன்று தளர்ந்து நின்றால், பார்க்கிறவன் அங்கேயும் அது தளர்ந்து நின்றதாகத்தான் நினைப்பான். உங்களிடம் தகவல் இல்லாத நேரத்தை உங்கள் அழகால் நிரப்பாதீர்கள். யாராவது உங்களிடம் வந்து 'செத்த மாதிரிக் கிடக்கிறது, கொஞ்சம் உயிர் கொடுங்கள்' என்று கேட்டால், அதனால் யாருடைய உயிர் போகும் என்று திருப்பிக் கேளுங்கள். கூட்டத்தில் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் இன்னொன்று நடந்தது.

காலைத் தொழுகை முடித்து எழும்பினேன். போன் அடித்தது. ரியாஸ்.

"மாமா, வாப்பா மவுத்தாப் போயிட்டாங்க. அஸருக்கு அடக்கம்."

சுகமா என்று கேட்கவில்லை. கொஞ்சம் என்று சொல்லவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி தண்ணீர்க் கோப்பையோடு ஓடிவந்து, "இந்தப் பையனுக்குச் செல்லத் தெரியாதா, இப்படியா போட்டு உடைக்கிற?" என்று அவனைத் திட்டினாள்.  நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவன் போனில் காத்திருந்தான்.

"நல்லாச் சென்னாய், மகன்" என்றேன்.

முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மச்சானின் முகத்தை மூடுவதற்கு முன் பார்த்துவிட்டேன். ராத்தாவின் முகத்தைத்தான் பார்க்கவில்லை.